அஞ்சு குடும்பம், ரெண்டு ஏக்கர், ஒரு பொதுத் தோட்டம்: நிலம் யார் பேர்ல?

பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் ஃபிளாட்ல இருக்கிற பல பேர் இப்ப கேட்கிற கேள்வி இது: "நாங்க அஞ்சு குடும்பம் சேர்ந்து மதுராந்தகம் தாண்டி ரெண்டு ஏக்கர் பார்த்திருக்கோம். ஆளுக்கு ஒரு சின்ன வீடு, நடுவுல பொதுத் தோட்டம், ஒரே கிணறு. பணம் போடலாமா?"

போடலாம். ஆனா விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு ஏறும்னு கேட்கறதுக்கு முன்னாடி, நிலம் யார் பேர்ல இருக்கப்போகுதுன்னு கேளுங்க.

இதுக்கு நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. ஜிஎஸ்டி ரோட்ல திண்டிவனம் போய் புதுச்சேரிப் பக்கம் திரும்பினா ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல ஆரம்பிச்சாங்க. யாருக்கும் சொந்தமில்லாத ஊர் என்பதுதான் அடிப்படை எண்ணம். பண்ணைகளும் தோட்டங்களும் பொது. ஆனா காகிதத்துல சொத்துக்கு ஒரு உரிமையாளர் வேணுமே? அது ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி பேர்ல இருந்தது. 1973-ல அன்னை மறைஞ்சதும் குடியிருப்பவர்களுக்கும் சொசைட்டிக்கும் தகராறு. 1980-ல மத்திய அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல அந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்தது. கடைசியில 1988-ல நாடாளுமன்றம் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டத்தை நிறைவேற்றிச்சு. இன்னைக்கும் அங்க வீடு கட்டப் பணம் கொடுத்தவர், வெளியேறும்போது அதைச் சொந்த சொத்து மாதிரி வித்துட்டுப் போக முடியாது.

சொத்தே வேண்டாம்னு சொன்ன ஊருக்கே அவ்வளவு பெரிய சண்டை, பத்திரத்துல யார் பேர் இருக்குங்கிறதுலதான் வந்தது. அவங்களுக்கு நாடாளுமன்றம் வந்தது. உங்க ரெண்டு ஏக்கருக்கு யாரும் வரமாட்டாங்க.

சரி, உங்க கணக்குக்கு வருவோம். நிலம் 60 லட்சம்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு 12 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது ஆளுக்கு 1,08,000. போர்வெல், வேலி எல்லாம் சேர்த்தா குடும்பத்துக்கு 14 லட்சம் ஆயிடும். வீட்டுச் செலவு இதுல சேரலை. விவசாய நிலம் வாங்க வீட்டுக்கடன் கிடைக்காது, அதனால எல்லாம் கைப்பணம். அந்த 14 லட்சத்தை 7 சதவீதத்துல எஃப்டி போட்டிருந்தா வருஷத்துக்கு 98,000 வட்டி, மாசம் சுமார் 8,000. காவலாள், உழவு, ஆள் கூலின்னு உங்க பங்கு மாசம் 4,000 வெச்சா, தோட்டத்துக் கத்திரிக்காயோட நிஜ விலை மாசம் 12,000 ரூபாய்! என் கணக்குல இது முதலீடு இல்லைங்க, செலவு. பிள்ளைங்க மண்ணுல விளையாடறதுக்கும், ரிட்டயர்மெண்ட்ல பேச்சுத்துணைக்கும் மாசம் 12,000 தகும்னு தோணினா தாராளமா பண்ணுங்க. பிஎஃப் பணத்தை மொத்தமா எடுத்து மட்டும் போடாதீங்க.

"நிலம் விலை ஏறுமே?" ஏறலாம். ஆனா நீங்க விற்கப்போறது ரெண்டு ஏக்கர் இல்லை, அதுல பிரிக்கப்படாத ஐந்தில் ஒரு பாகம். கூட்டுப் பட்டாவுல நாலு பேரோட சேர்ந்து இருக்கிற பாகத்தை முன்பின் தெரியாதவர் முழு விலைக்கு வாங்குவாரா? இன்னொரு பக்கம், அஞ்சு பேர்ல யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் "என் பங்கைப் பிரிச்சுக் கொடுங்க"ன்னு கோர்ட்டுக்குப் போகலாம். ஒருத்தர் தவறிட்டா அவரோட வாரிசுகள் எல்லாரும் பங்காளி. அவங்களுக்குத் தோட்டத்துல ஆசை இருக்கணும்னு கட்டாயமில்லை.

கம்பெனியாவோ எல்எல்பியாவோ ஆரம்பிச்சு நிலத்தை அதுக்குள்ள வைக்கலாம். வெளியேறுபவர் தன் பங்கை மாத்திக் கொடுத்தா போதும், நிலப் பத்திரத்தைத் தொட வேண்டாம். ஆனா வருஷா வருஷம் கணக்கு, தாக்கல்னு செலவு உண்டு (எங்க ஆளுங்களுக்கு வருமானம்!). பொது அறக்கட்டளையா டிரஸ்ட் வெச்சா போட்ட பணம் நன்கொடைதான், திரும்பி வராது.

வரியைச் சுருக்கமா சொல்லிடறேன். வித்த காய்கறியில வர்றது விவசாய வருமானம், அதுக்கு நேரடி வரி இல்லை. வருஷத்துக்கு 5,000-க்கு மேல போனா உங்க சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கு போட மட்டும் அதைச் சேர்ப்பாங்க. காலியா இருக்கிற வீட்டை வீக்கெண்ட் வாடகைக்கு விட்டீங்கன்னா அது விவசாய வருமானமே இல்லை. நிலத்தை விற்கும்போது, அது கிராமப்புற விவசாய நிலமா இருந்தா மூலதன ஆதாய வரி வராது. நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுல, மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர் தாண்டியிருக்கணும். நம்ம ஸ்டேஷனுக்குக் கிட்டக்க வாங்கினா இந்தச் சலுகை கிடைக்கறது கஷ்டம்.

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். உங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் தனியா வேணும். வெளியேறுபவர் முதல்ல மத்தவங்களுக்குத்தான் விற்கணும், விலையை யார் மதிப்பிடுவாங்க, எத்தனை தவணையில பணம், அவர் கட்டின வீட்டுக்கு என்ன கணக்கு, ஒரு வருஷம் வராத குடும்பம் காவலாள் சம்பளத்துல பங்கு கொடுக்கணுமா, எல்லாத்தையும் அதுல எழுதுங்க. ஒவ்வொருத்தரும் உயிலும் எழுதி வைங்க. இதெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி. "நமக்குள்ள எதுக்குங்க பேப்பர்?"னு அஞ்சு பேர்ல ஒருத்தர் சொன்னாலும், அட்வான்ஸை நிறுத்தி வைங்க.