சேர்வராயன் மலை விடுதிகளும் மனத்துன்புறுத்தலும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றடையும், சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு, காப்பித் தோட்டங்களுக்குப் போலவே உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. துறவற சபைகள் நிறுவிய ஆங்கிலவழிப் பள்ளிகளிலும், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பயிலும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளிலுமாக, வீட்டைப் பிரிந்து வளரும் சிறார் பலர் இம்மலையில் உள்ளனர். எப்பள்ளியின் மீதும் குற்றஞ்சாட்டுவது இங்கு நோக்கமன்று. மனத்துன்புறுத்தலைக் குறித்து விடுதி வாழ்க்கையின் அமைப்பே எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு.

உடலைத் தொடாமலே இழிசொல், மிரட்டல், புறக்கணிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கையாண்டு ஒருவரின் தன்மதிப்பைச் சிதைப்பது மனத்துன்புறுத்தல் எனப்படும். பகற்பள்ளியில் வசை வாங்கிய பிள்ளை மாலையில் வீட்டில் முறையிடலாம். விடுதியிலோ, வசைபாடியவரே காய்ச்சலுக்கு மருந்து தருபவராகவும் இருக்கக்கூடுமாதலால், அஞ்சவேண்டிய ஆளையே அண்டியிருக்கவேண்டிய நிலை பிள்ளைக்கு நேர்கிறது. அச்சம் இவ்வாறு நீடிக்கையில், கார்ட்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்புநீரின் ஒழுங்கு குலைந்து, உறக்கமும் கவனமும் நினைவாற்றலும் பாதிப்புறுகின்றன. மனத்துன்புறுத்தல் உள்ளிட்ட இளம்பருவக் கொடுமைகளின் வகைகள் எண்ணிக்கையில் கூடக்கூட, மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுவதை அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, அண்டா ஆகியோரின் ஆய்வு 1998இல் காட்டியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, தப்ப இயலாத நெடுங்காலக் கொடுமையின் பின் தோன்றக்கூடிய சிக்கலான மனவடு நோயைத் தனியே பிரித்துக்காட்டுகிறது. உணர்ச்சியை ஆள இயலாமை, தன்னைத் தோற்றுப்போனவராக எண்ணுதல், பிறரிடம் நெருங்க இயலாமை ஆகியவை அதன் தனி அடையாளங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளோ, பிள்ளையின் சாதியையோ பெற்றோரின் தொழிலையோ சுட்டி ஏளனம் செய்வதையும் அதில் அடக்குகின்றன. காப்பி பறிக்கும் கூலியாட்களின் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் படிக்கும் மலையில், இந்த ஒரு வரி ஏனையவற்றினும் கனமானது. ஆயினும் பிரம்படியின் தழும்பைக் காட்டி முறையிடலாம், ஏச்சுக்குச் சான்று காட்டுவது அரிது என்பதால், சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுவதே பெரிதும் நிகழ்வது.

சிறார் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் உள்ளன. ஆனால் கைபேசிக்கு இடமில்லாத விடுதியில் சுவரில் எழுதிய எண்ணால் மட்டும் பயன் விளையாது. விடுதியை ஆய்வுசெய்ய வரும் அலுவலர்கள் சமையற்கூடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், காப்பாளர் உடனில்லாத இடத்தில் பிள்ளைகளோடு பேசுதல் வேண்டும். பெற்றோரும் அவ்வாறே கேட்டறிதல் வேண்டும்.