உபசாரம் வேறு... நட்பு வேறு! 1910-ல் ஒரு தமிழர் கேட்டது இன்றைய ஹாஸ்டல் அறைக்கும் பொருந்தும்

பிளஸ் டூ முடித்து அட்மிஷன் கிடைத்ததும், தாராபுரத்திலிருந்து பெட்டி படுக்கையோடு கோவைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள் ஏராளம். போய்ச் சேர்ந்ததும் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "மெஸ்ஸுல சோறு எப்படி?" இரண்டாவது கேள்வி, "ரூம்ல கூட யாரு கண்ணு இருக்கறாங்க?"

அந்த இரண்டாவது கேள்விக்கு மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் என்று பதில் வருவது இப்போது சகஜம். சில கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களும் இருக்கிறார்கள். ஆனால், வந்த ஒரு வாரத்திலேயே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடுகிறது. 'சைனா', 'மோமோ', 'நேபாளி', 'கறுப்பா'... தட்டிக் கேட்டால், "சும்மா ஃப்ரெண்ட்லியாதான் கூப்பிடுறோம்" என்று பதில் வரும்.

நட்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம் நட்புதானா? ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதை உலக மேடையில் கேட்டவர் ஒரு தமிழர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

வெள்ளாளன்விளை முதல் எடின்பரோ வரை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் அசரியா. அப்பா கிராமத்துப் போதகர். அந்தக் காலத்தில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். படிக்க சென்னைக்கு வந்த அசரியா, உடல்நலம் குன்றியதால் கடைசித் தேர்வை எழுத முடியாமல் பட்டம் இல்லாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். பிறகு ஒய்.எம்.சி.ஏ-வில் செயலாளர் ஆனார்.

அங்கேதான் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். அதே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சேலத்துக்காரர் கே.டி.பால் இன்னொரு தோழர். இந்தியர்களின் பணத்தில், இந்தியர்களின் தலைமையில் இயங்கவேண்டும் என்ற கொள்கையோடு 1905-ல் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது இருவருமே முன்னணியில் நின்றார்கள். கே.டி.பால் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாடு வரை போனவர்.

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் ஏறக்குறைய 20 பேர்தான். பேச எழுந்த அசரியாவுக்கு அப்போது வயது 35.

அவர் சுற்றி வளைக்கவில்லை. இந்தியாவில் வெள்ளை மிஷனரிகளுக்கும் அவர்களோடு வேலை பார்க்கும் இந்தியர்களுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் எஜமானன் - வேலைக்காரன் உறவுதான் என்றார். பல வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தும் இந்தியரின் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் இருப்பதைச் சொன்னார். பரலோகத்தில் சிம்மாசனம் உண்டு என்று சொல்பவர்கள், தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார ஒரு நாற்காலி போடுவதில்லை என்ற ஆதங்கத்தையும் மறைக்கவில்லை. ஏழைகளுக்குச் சோறு கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

அரங்கில் சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பரில், எதிர்ப்புகளையும் மீறி தோர்ணக்கல் பிஷப்பாகப் பொறுப்பேற்றார் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

பதவியை விட்டுக்கொடுத்த நண்பர்

அசரியா கேட்ட நட்பு நடைமுறையில் எப்படி இருக்கும்? அதற்கு டெல்லியில் ஏற்கெனவே ஓர் உதாரணம் இருந்தது.

புனித ஸ்டீபன் கல்லூரிக்கு 1904-ல் ஆசிரியராக வந்தார் இங்கிலாந்துக்காரரான சி.எஃப்.ஆண்ட்ரூஸ். அங்கே 1886 முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த சுசீல் குமார் ருத்ரா. 1906-ல் முதல்வர் பதவி காலியானது. இந்தியர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கத் தயங்கியவர்கள், ஆண்ட்ரூஸ் பக்கம் பார்த்தார்கள். தகுதியும் அனுபவமும் உள்ள ருத்ராதான் முதல்வராக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். ருத்ரா கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ஆனார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே சந்தோஷமாக வேலை பார்த்தார்.

பின்னாளில் காந்தி டெல்லி வந்தபோது பலமுறை தங்கியது ருத்ராவின் வீட்டில்தான். 'தீனபந்து' என்று நாடு கொண்டாடிய ஆண்ட்ரூஸுக்கு இந்தியாவைப் புரியவைத்ததில் ருத்ராவின் நட்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரில்..?

வெள்ளைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கொங்கு மண்டலக் கிராமங்களின் டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டீ எல்லோருக்கும் ஒன்றுதான், டம்ளர்தான் வேறு வேறு. சிலருக்கு பெஞ்சில் உட்காரவும் அனுமதி இல்லை. அசரியா எடின்பரோவில் கேட்ட நாற்காலியும், நம் ஊர் டீக்கடை பெஞ்சும் வேறு வேறு அல்ல. சாதியைப் பார்த்துத் தள்ளி நிற்கப் பழகிய மனசு, கண்ணின் வடிவத்தையும் தோலின் நிறத்தையும் பார்த்துத் தள்ளி நிற்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

கிண்டலா... ராகிங்கா?

2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியை டெல்லி லஜ்பத் நகரில் சிலர் கேலி செய்தார்கள். அது தகராறானது. தாக்கப்பட்ட அவர் மறுநாள் உயிரிழந்தார். நாடே அதிர்ந்த பிறகு, வடகிழக்கு மக்கள் சந்திக்கும் பாகுபாடுகளை ஆராய எம்.பி.பெஸ்பரூவா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் விதிகளில் செய்த திருத்தம். நிறம், இனம், சாதி, மதம், மொழி, தோற்றம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்கிறது அது. அதாவது, 'சும்மா கிண்டல்' என்ற சமாதானம் இனி செல்லாது. பாதிக்கப்பட்டவர்கள் 1800-180-5522 என்ற கட்டணமில்லா ராகிங் தடுப்பு எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

சட்டம் தண்டிக்கும். ஆனால், நட்பைக் கற்றுக்கொடுக்காது. அது பெற்றோர் கையிலும் பிள்ளைகள் கையிலும்தான் இருக்கிறது.

* ரூம்மேட்டின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாயில் நுழையவில்லை என்றால் அவரிடமே இரண்டு முறை கேளுங்கள். நீங்களாகப் பட்டப்பெயர் வைக்காதீர்கள்.

* மற்றவர்கள் கேலி செய்யும்போது சிரிக்காமல் இருங்கள். முடிந்தால், "அப்படிக் கூப்பிடாதே" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால்கூடப் பல நேரங்களில் அது நின்றுவிடும்.

* பொங்கல் லீவுக்கு அவரை ஊருக்கு அழைத்து வாருங்கள். அமராவதி ஆற்றைக் காட்டுங்கள், அம்மா கையால் கச்சாயம் கொடுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நாம் விருந்து வைப்பது உபசாரம்தான். அவர் சமைக்கும் மூங்கில் குருத்தின் வாசனைக்கு மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் வை" என்று கேட்பதில்தான் நட்பு இருக்கிறது.

* பெற்றோர்களே, போனில் "கூட யாரு இருக்கறாங்க?" என்று கேட்பதோடு, "அந்தப் பையன் சாப்பிட்டானா, அவங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காகவே உங்கள் பிள்ளை அவரிடம் போய்ப் பேசும்.