திடலை நீட்டுவதா, பந்தைக் குறுக்குவதா?



நிலத்தைத் திருத்துவது என்றால் என்னவென்று நல்லதண்ணியில் வாழ்பவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவனொளிபாத மலையின் அடிவாரச் சரிவுகளில் தேயிலை பயிரிட வேண்டுமானால் முதலில் கான் வெட்டியாக வேண்டும். மழைநீர் எவ்வழியே ஓடும் என்று பாராமல் மண்ணைப் புரட்டியவர், அடுத்த மழைக்குப் பின் அந்த மண்ணைப் பள்ளத்தாக்கிலேதான் தேட வேண்டியிருக்கும். மண்ணையும் நீரையும் பற்றிய இதே அறிவு, நம் மலைநாட்டினர் தூரத்தில் நின்று மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு விளையாட்டுக்கும் அடிப்படையாக இருக்கிறது. கொல்ப் என்னும் அவ்விளையாட்டின் திடல்களைப் பெரும் போட்டிகளுக்கு முன்னர் ஏன் மாற்றியமைக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

நமக்கு அண்மையில் உள்ள திடல் நுவரெலியாவில் இருக்கிறது. அங்குள்ள கொல்ப் கழகம் 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை. அங்கிருந்து அடிக்கும் பந்து புல்வெளி வழியே சென்று, கம்பளம்போல் கத்தரித்த பசுந்தரையிலுள்ள சிறு குழியில் விழ வேண்டும். நல்ல ஆட்டக்காரர் இத்தனை அடிகளில் முடிப்பார் என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். அந்தக் கணக்கை வைத்துத்தான் திடலை வகுக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதனைப் பொய்யாக்கத் தொடங்கினால் திடலைத் திருத்த முற்படுகிறார்கள்.

திருத்துவதற்கு எளிய வழி, நீளத்தைக் கூட்டுவது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்டா தேசியத் திடலை எடுத்துக்கொள்வோம். பொபி ஜோன்ஸ் என்ற பெரும் ஆட்டக்காரரும் அலிஸ்டர் மக்கென்சி என்ற அமைப்பாளரும் சேர்ந்து வகுத்த திடல் அது. 1934 முதல் மாஸ்டர்ஸ் போட்டி அங்கே நடைபெறுகிறது. 1997இல் டைகர் வூட்ஸ் என்ற இளைஞர் நான்கு நாள் ஆட்டத்தை 270 அடிகளில் முடித்து, அடுத்தவரைவிடப் பன்னிரண்டு அடிகள் முன்னே நின்றார். கழகத்தார் விழித்துக்கொண்டார்கள். 2002ஆம் ஆண்டுப் போட்டிக்குள் திடல் 285 கெஜம் நீண்டுவிட்டது. இன்று அதன் நீளம் ஏழாயிரத்து ஐந்நூறு கெஜத்துக்கும் அதிகம்; அதாவது நாலேகால் மைலுக்கும் மேல்.

அத்திடலின் பதின்மூன்றாம் குழி ஒரு நல்ல பாடம். வழி இடப்பக்கம் வளைந்து செல்லும். பசுந்தரைக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கிடும். முதல் அடியை நன்றாக அடித்தவர் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஓடையைத் தாண்டித் துணிந்து அடிப்பதா, முன்பே நிறுத்திப் பத்திரமாகச் செல்வதா? இந்தத் தயக்கத்தில்தான் அக்குழியின் உயிர் இருக்கிறது. ஆனால் இக்காலத்து ஆட்டக்காரர்கள் வளைவிலுள்ள மரங்களுக்கு மேலாகவே பந்தை அனுப்பி, இரண்டாம் அடியைச் சிறுபிள்ளை வேலையாக்கிவிட்டார்கள். ஆகவே பக்கத்துக் கழகத்திடம் நிலம் வாங்கி, தொடக்க மேடையை முப்பத்தைந்து கெஜம் பின்னே தள்ளினார்கள். 510 கெஜமாக இருந்த குழி 2023இல் 545 கெஜமாயிற்று. மறைந்துபோன தயக்கத்தை மீட்பதற்கு மண்ணும் பணமும் இவ்வளவு தேவைப்பட்டன.

நீளத்தைவிட நுட்பமான வழியும் உண்டு. 1951இல் டிட்ரொயிட் நகருக்கருகே ஓக்லண்ட் ஹில்ஸ் திடலில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடக்கவிருந்தபோது, ரொபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் என்ற அமைப்பாளர், சிறந்த ஆட்டக்காரரின் பந்து எங்கே விழும் என்று கணித்து, அந்த இடத்திலேயே மணற்குழிகளை வைத்தார். நடுவே உள்ள புல்வழியையும் ஒடுக்கினார். விளைவு கடுமையாக இருந்தது. போட்டி முழுவதிலும் ஒரு சுற்றையாவது பாருக்குக் குறைவாக ஆடி முடித்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவரான பென் ஹோகன் கடைசிச் சுற்றை 67 அடிகளில் முடித்து வென்றார். ஆயினும் நான்கு சுற்றுகளின் மொத்தத்தில் அவரும் பாருக்கு ஏழு அடிகள் அதிகமே. இது சற்று மிகையான தண்டனை என்பது என் எண்ணம். தவறாக அடித்தவரைத் தண்டிப்பது நியாயம். சரியாக அடித்தவருக்கும் ஒதுங்க இடமில்லாமற் செய்வது வேறு.

எல்லா மாற்றமும் ஆட்டக்காரரை மடக்குவதற்காகச் செய்யப்படுவதில்லை. வட அயர்லாந்தின் றோயல் போர்ட்ரஷ் திடலுக்குப் பிரித்தானியப் பகிரங்கப் போட்டி 1951க்குப் பின் 2019இல் திரும்பி வந்தபோது, கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கேள்வியாயிற்று. பழைய பதினேழாம், பதினெட்டாம் குழிகளைக் கைவிட்டு, அந்நிலத்தைப் பார்வையாளர் வசதிகளுக்கு ஒதுக்கினார்கள். அவற்றுக்கு ஈடாக, அருகிலிருந்த அக்கழகத்தின் மற்றொரு திடலின் நிலத்திலே இரண்டு புதிய குழிகளை அமைத்தார்கள்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். மண்ணுக்கு அடியிலும் வேலை உண்டு. முறையாகக் கட்டிய பசுந்தரையின் கீழே வடிகுழாய்களும், அவற்றின் மேல் நான்கு அங்குலம் சரளைக்கல்லும், அதற்கும் மேல் ஏறத்தாழ ஓர் அடி மணற்கலவையும் இருக்கும். வேருக்கு வேண்டிய ஈரம் நிற்க வேண்டும், மிகுந்த நீர் வடிய வேண்டும். நம் தோட்டத்துக் கானும் இதே நோக்கத்தோடு வெட்டப்படுவதுதான். புதிய புல் வேரூன்றவும் காலம் வேண்டும். போட்டிக்கு முதல்நாள் வரை மண்வெட்டியோடு நிற்க முடியாது. ஒகஸ்டாவில் கோடையில் கழகத்தையே மூடிவிட்டு இவ்வேலைகளைச் செய்கிறார்கள்.

இனி நுவரெலியாவுக்கு வருவோம். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே பந்துக்குத் தடையும் குறைவு. கொழும்பில் அடிப்பதைவிட அதே அடி இங்கே தூரம் செல்லும். அதற்கு ஈடாகத் திடலை நீட்டலாமென்றால் நிலம் எங்கே? ஒருபுறம் நகரம், மறுபுறம் மலை. இங்கே திடலைக் காப்பவை ஒடுங்கிய வழிகளும் அவற்றின் இருமருங்கிலும் நிற்கும் மரங்களுமே. கோணலாக அடித்த பந்துக்கு அங்கே மன்னிப்பில்லை.

பணமும் பக்கத்து நிலமும் உள்ள கழகம் நீண்டுகொண்டே போகலாம். மற்றவை என்ன செய்யும்? நீட்டிய ஒவ்வொரு கெஜத்துக்கும் நீர் பாய்ச்ச வேண்டும், புல் வெட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். இதை உணர்ந்தோ என்னவோ, விளையாட்டின் விதிகளை வகுக்கும் இரண்டு அமைப்புகளும் 2023 டிசம்பரில் வேறொரு முடிவை அறிவித்தன. பந்துகளைச் சோதிக்கும் முறையைக் கடுமையாக்கி, அவை செல்லும் தூரத்தையே குறைப்பது என்பது அம்முடிவு. பெரிய ஆட்டக்காரர் சிலரும் பந்து செய்யும் தொழிலதிபரும் முணுமுணுத்தார்கள். நுவரெலியாத் திடலுக்கோ அதனால் ஓர் அடி நிலமும் செலவில்லை.