வேலையாளின் நேரம் யாருக்குச் சொந்தம்?

லாஸ்பேட்டையிலே தாங்கள் ஒரு கடை வைத்திருக்கிறீர்கள்; அல்லது ஒரு பட்டறையோ உணவகமோ நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரோ நால்வரோ தங்களிடம் ஊழியம் புரிகின்றனர். காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை அவர்களுக்கு ஐயமறச் சொல்லியிருப்பீர்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதைச் சொன்னதுண்டா?

இவ்வினாவின் கனத்தைப் புதுவை மண் நன்கறியும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக உழைத்து வந்தனர். எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு அவர்கள் போராடியபோது, 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையிலே துப்பாக்கிகள் முழங்கின. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் வ. சுப்பையா. மறு ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்று புதுவையார் பெருமையோடு சொல்வர். அக்காலத்து ஆலைகளின் சங்கொலி இன்று ஓய்ந்துவிட்டது. அந்தப் பன்னிருவரின் நினைவு நாள் மட்டும் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது.

கடைகளுக்கும் சட்டம் உண்டுதான். ஆயினும் இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்குள் எந்த அதிகாரி நாள்தோறும் வந்து கடிகாரத்தைப் பார்க்கப் போகிறார்? அங்கே தங்கள் ஈமானைத் தவிர வேறு கண்காணி இல்லை.

திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தைச் சற்று நோக்குங்கள். எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் நகரடைந்த மூஸா (அலை) அவர்களை ஒரு பெரியவர் வேலைக்கு அமர்த்துகிறார். அவர் ஷுஐப் (அலை) அவர்களே என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். எட்டு ஆண்டுகள் ஊழியம் புரியவேண்டும் என்று அவர் தவணையை முன்கூட்டியே வரையறுக்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்கிறார். தமக்குச் சிரமம் கொடுக்கும் எண்ணம் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார். (எட்டு என்னும் எண் இரண்டிடத்தும் வருவது தற்செயலே, அதில் உட்பொருள் தேட வேண்டா.) கவனிக்கத்தக்கது யாதெனில், கூடுதலான அந்த இரண்டு ஆண்டுகள் வேலையாளின் உபகாரமாகவே விடப்பட்டன. நாமோ இரவு ஒன்பது மணிக்குக் கதவடைத்த பின்னர், “இந்த மூட்டையையும் இறக்கிவிட்டுப் போ” என்கிறோம். அதைக் கட்டளையாகவே சொல்கிறோம்.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்னும் பாடம் இதற்கென்றே உள்ளது. வேலையோ அதன் காலமோ, அத்துடன் கூலியும், தெளிவாகத் தெரிந்திருத்தல் வேண்டும். இன்றேல் ஒப்பந்தம் பழுதுபடும். பழுதுபட்ட ஒப்பந்தத்தின்கீழ் வேலை வாங்கியவர், அத்தகைய வேலைக்கு ஊரில் வழங்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். காலத்துக்கென அமர்த்தப்பட்டவர், அக்காலம் முழுதும் வேலைக்கு ஆயத்தமாக நின்றாலே கூலிக்கு உரியவராவார் என்பது இமாம்களின் தீர்ப்பு. மின்சாரம் நின்றது, மழை பெய்தது, வியாபாரம் இல்லை என்று அரை நாள் கூலியைப் பிடிப்பவர்கள் இதை ஒரு முறை ஆலிம்களிடம் கேட்டறிவது நலம்.

“அவனுக்கு எதற்கு ஒப்பந்தம்? நம் வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பிள்ளைக்குச் சொத்திலே பங்குண்டு, இவருக்கு உண்டா? பணியாளரைச் சகோதரர் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்தார்கள். அழைத்ததோடு நில்லாமல், தாம் உண்பதையே உண்ணக் கொடுக்கவும், தாம் உடுப்பதையே உடுக்கக் கொடுக்கவும், சக்திக்கு மீறிய வேலை தந்தால் கூடநின்று உதவவும் கட்டளையிட்டார்கள். உறவு சொல்லி அழைப்பவர் இவற்றையும் சேர்த்தே ஏற்கவேண்டும். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தடவைகூட ‘சீ’ என்று கடிந்ததில்லை.

வேலையாளுக்கும் கடமை உண்டே என்பீர்கள். உண்டு, அதை வேறொரு வெள்ளிக்கிழமை எழுதுவோம்.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவர்களுள் ஒருவர் முதலாளி. அவரிடம் வேலை செய்த ஒருவர் தம் கூலியான சிறிதளவு தானியத்தைப் பெறாமலே போய்விட்டார். முதலாளி அதைத் தம் பத்தாயத்தில் கொட்டிக்கொள்ளவில்லை. விதைத்தார், பெருக்கினார், அது ஆடுமாடுகளாயிற்று. நெடுங்காலத்துக்குப் பின் வேலையாள் வந்து கூலி கேட்டபோது மந்தையைக் காட்டினார். பரிகாசம் செய்கிறீரோ என்று வந்தவர் திகைத்தார். பிறகு ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் ஓட்டிச் சென்றார். அந்தச் செயலை முன்வைத்து அவர் இறைஞ்சியபோது பாறை நகர்ந்தது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதும் அதே நூலில்தான்.

ஆகவே, இன்று ஜும்ஆ முடிந்து கடைக்குச் சென்றதும் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். சொல்லாமல் நின்றுபோன பையனுக்குப் பத்து நாள் சம்பளம் பாக்கி இருக்கலாம். அவன் கேட்க வராததால் அது தங்களுடையது ஆகிவிடாது. அவன் வீட்டை விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவன் இல்லையேல் வாரிசுகளிடம் சேருங்கள். எவ்வளவு தேடியும் எவரும் அகப்படாவிடில், அவன் பெயரால் அதனை ஏழைகளுக்கு ஸதகா செய்துவிட வேண்டும். பின்னொரு நாள் அவனே வந்து நின்றால், அந்தத் தர்மத்தை ஏற்பதா, தன் பணத்தைக் கேட்பதா என்பது அவன் விருப்பம்.