உலைக்கு முன்னே ஒரு பிடி

மூணாறு மலையில் விடியுமுன்பே லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. கொழுந்து கிள்ளப் போகிற பெண், சங்கு ஊதுவதற்குள் சோறு வடித்து, பிள்ளைகளுக்கும் எடுத்து வைத்தாக வேண்டும். அரிசியை உழக்கால் அளந்து சட்டியில் போடுகிறாள். களைவதற்கு முன் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, அடுப்படியில் இருக்கும் சிறு டப்பாவில் இடுகிறாள். உதடு மெல்ல அசைகிறது. அவ்வளவுதான் ஜெபம்!

இதற்குப் பெயர் கைப்பிடி அரிசி. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் பழைய வழக்கம் இது. டப்பா நிறைந்ததும் அரிசி கோயிலுக்குப் போகும். ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் பயன்படும்.

பாலக்காட்டில் நெல் கண்ணெதிரே விளைகிறது. தேயிலை மலையில் அப்படியில்லை. முற்காலத்தில் போடிப் பக்கமிருந்து கொட்டகுடி வழியாகக் கம்பிப் பாதையில் சாமான்கள் டாப் ஸ்டேஷனுக்கு ஏறின. தேயிலை கீழே இறங்கியது. 1924 பெருவெள்ளம் மூணாறின் குட்டி ரயில் பாதையையே அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட மலையில் ஒரு பிடி அரிசி அற்பமல்ல.

மலையாளிகள் இதைப் 'பிடியரி' என்பார்கள். கோட்டயத்தை அடுத்த மான்னானத்தில் வாழ்ந்த சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார், 1864-ல் கோயில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கட்டளையிட்டார். பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட அவர் கண்ட வழி பிடியரிதான். 2014-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

வடகிழக்கே மிசோரத்திலும் 1910-ல் பெண்கள் இதைத் தொடங்கினர். இன்று அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் இந்தப் பிடியரிசியால் சேருகிறது.

வேதாகமத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்ததும் பானையில் ஒரு பிடி மாவுதான். பஞ்ச காலத்தில் அதைப் பசித்து வந்தவருடன் பகிர்ந்துகொண்டாள். மிஞ்சியதைக் கொடுப்பதல்ல, இருப்பதில் முதலில் எடுத்து வைப்பதே நன்றி என்பது அந்தக் கதையின் சாரம்.

"அரை வயிற்றுக்காரருக்கு நன்றி எதற்கு? கிடைத்தது போதும் என்று வாயடைக்கவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2015 செப்டம்பரில் மூணாறு தெருவிலேயே கிடைத்தது. தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, 20 சதவீத போனஸ் பெற்றார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி, அடுத்து நடந்த பேச்சுவார்த்தையில் 301 ரூபாயானது. பொட்டு வைத்தவர்களும் சிலுவை அணிந்தவர்களும் அங்கே அருகருகே உட்கார்ந்திருந்தனர்.

ஆண்டவருக்குச் சொல்லும் நன்றி வேறு. முதலாளியிடம் கேட்கும் கூலி வேறு. முன்னது பின்னதைத் தடுப்பதில்லை. தான் உண்ணும் சோற்றின் அருமை தெரிந்தவளுக்கே தன் உழைப்பின் விலையும் தெரியும்.

விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் கோவைக்கும் கொச்சிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் சில வீடுகளில் அந்த டப்பா இருக்கிறது. சம்பளம் கூடினால் உழக்கு கூடும், குறைந்தால் குறையும். பிடி மட்டும் அதே பிடிதான். கை ஒன்றுதானே!