பழைய வாளின் பிறப்பிடத்தை அறிதல்

திருவனந்தபுரம் வட்டாரத்தின் பழைய தறவாடுகளிலும் கோயில்களிலும் வாள்கள் வழிவழியாகப் பேணப்பட்டு வருவதுண்டு. அத்தகைய வாளொன்றின் அலகில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை காணப்படுமாயின், அது 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை கைப்பற்றியதே என்று கூறிவிடத் தோன்றும். முத்திரை ஒன்றைக் கொண்டே அவ்வாறு முடிவு செய்தல் பொருந்தாது. அக்கம்பெனி 1663 முதல் 1795 வரை கொச்சியில் நிலைபெற்றிருந்தது. அக்காலத்தில் வாணிகத்தின் வாயிலாகவும் அலகுகள் கைமாறியிருக்கக் கூடும்.

அலகும் கைப்பிடியும் வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்டவையாக இருக்கலாம் என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து அலகுகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன. இந்நாட்டுக் கைவினைஞர் அவற்றுக்கு இந்நாட்டுக் கைப்பிடியைப் பொருத்தினர். தக்காணத்தில் இவ்வகை வாள் 'பிரங்கி' எனப்பட்டது. தமிழில் வழங்கும் 'பரங்கி'யும் இச்சொல்லே. மேற்கு ஆப்பிரிக்காவில் துவாரெக் மக்களின் 'தகூபா' வாளும் இத்தகையதே. அதன் சிலுவை வடிவக் கைப்பிடி உள்நாட்டு வேலை. அலகோ பலவற்றில் ஐரோப்பாவினது.

முத்திரைகளும் போலியாகப் பொறிக்கப்பட்டதுண்டு. பாசவ் நகரத்துக்கு உரிய ஓநாய்க் குறியைச் சோலிங்கன் கொல்லரும் பொறித்தனர். ஐரோப்பிய அலகுகளின் பிறைக் குறிகளை ஆப்பிரிக்கக் கொல்லர் தாம் அடித்த அலகுகளிலும் வெட்டினர்.

உலோகமும் ஓரளவே உதவும். தென்னிந்தியாவில் மூசையிலிட்டு உருக்கிய 'ஊட்ஸ்' எஃகில் 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை கரி உண்டு. பக்குவமாக அடித்த அலகில் நீரலை போன்ற வரிகள் தோன்றும். ஆனால் இவ்வெஃகுக் கட்டிகள் பாரசீகத்துக்கும் ஏற்றுமதியாயின. ஆதலின் வரிகள் எஃகின் வகையைக் காட்டுமேயன்றி, வாள் அடிக்கப்பட்ட ஊரைக் காட்டா.

எனவே அலகு, கைப்பிடி, முத்திரை, உலோகம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்து, அவை ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

பழைய வாளைக் காணும் களப் பணியாளரும் ஆசிரியரும் அதன் துருவை மணலாலோ புளியாலோ தேய்த்துத் துலக்கலாகாது. முத்திரையும் வரிகளும் அழிந்துபோகும். கைப்பிடியைக் கழற்றுதலும் கூடாது. உள்ளே பிடிமானமாக ஊற்றிய அரக்கும் ஒரு சான்றாகும். நீளம், அகலம், எடை ஆகியவற்றைக் குறித்து, இரு பக்கங்களையும் படமெடுத்தல் நலம். வாள் இருந்த இடத்தையும், அதைப் பற்றி முதியோர் கூறுவதையும் தனியே எழுதி வைத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத இத்தகைய பொருள் தொல்பொருள் ஆகும். ஆதலின் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொல்லியல் துறைக்குச் செய்தி அனுப்புதல் முறையாகும்.