முன்சில்லுக்கு இரு தொழில்

மழை ஓய்ந்த மறுநாள் வயலோரப் பாதையிற் புதைந்துபோன பிக்கப் வண்டியை எப்போதாவது தள்ளிப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். பின்சில்லுகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வெறுமனே சுழலும். முன்சில்லுகளோ யாருக்கு வந்த விருந்தோ என்று அசையாது நிற்கும். இஞ்சினில் வலுவுக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வலு பின்சில்லுகளுக்கு மட்டுமே செல்கிறது. அவற்றுக்குப் பிடிமானம் இல்லாதபோது எவ்வளவு வலு இருந்தும் பயனில்லை. முன்சில்லுகளையும் இழுக்கச் செய்தால் என்ன? கேள்வி எளியது, விடை அவ்வளவு எளிதன்று.

இக்கேள்விக்கு விடை கண்டு, அதனையே தொழிலாக நடத்தியோர் ஐக்கிய அமெரிக்காவில் இருந்தனர். ஆர்தர் ஹெரிங்டன், வால்டர் மார்மன் ஆகிய இருவரும் 1931இல் இண்டியானாபொலிஸ் நகரில் நிறுவிய மார்மன்-ஹெரிங்டன் கொம்பனி, 1930களின் நடுப்பகுதி தொடக்கம் போர்ட் லொறிகளை நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டிகளாக மாற்றிக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜீப் வண்டி ஈட்டிய புகழைக் கண்ட கமக்காரரும் பிறரும், தம் பிக்கப் வண்டிக்கும் அத்திறமை வேண்டுமென விரும்பினர். 1950களில் மினியாப்போலிஸ் நகரின் நாப்கோ கொம்பனி, செவ்ரோலே பிக்கப்புக்கு வேண்டிய உறுப்புகளை ஒரு தொகுதியாகவே விற்றது. 1957இல் செவ்ரோலே தொழிற்சாலையிலேயே அத்தொகுதியைப் பூட்டிக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. பின்னர் 1959இல் போர்ட் கொம்பனியும் 1960இல் செவ்ரோலேயும் இத்தகைய பிக்கப்புகளைத் தாமே அமைக்கலாயின.

இம்மாற்றத்தில் நிகழ்வது யாது? முதலாவதாக, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் மற்றொரு பெட்டி பூட்டப்படுகின்றது. ட்ரான்ஸ்பர் கேஸ் எனப்படும் இதிலிருந்து ஒரு தண்டு பின்னச்சுக்கும் மற்றொன்று முன்னச்சுக்கும் செல்லும். சாரதி ஒரு பிடியை அசைத்து முன்சில்லுகளை வேலைக்கு அழைக்கலாம். வேண்டாதபோது ஓய்வு கொடுக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் வேகத்தை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்து, சில்லைத் திருப்பும் விசையை இருமடங்காக்கும் பற்சில்லுகளும் உண்டு.

இரண்டாவதாக, முன்னச்சு முழுவதும் மாறுகின்றது. அக்காலப் பிக்கப்பின் முன்னச்சு, பாரத்தைத் தாங்கும் உருக்குக் கட்டையேயன்றி வேறில்லை. அதனைக் கழற்றிவிட்டு, நடுவிலே டிபரன்சியலும் உள்ளே சுழலும் தண்டுகளும் கொண்ட குழாய்போன்ற அச்சைத் தகட்டு வில்லுகளின்மீது பொருத்துவர். உள்ளே வெறுமையாயினும் இதனைத் திட அச்சு என்பர். இரு சில்லுகளையும் விறைப்பான ஒரே உறுப்பாக இணைத்து நிற்பதே காரணம். உறுதியும் எளிய அமைப்பும் இதன் சிறப்பு. ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றதும் சரிவதும், பாரத்தினால் வண்டி குலுங்குவதும் இதன் குறை.

இனித்தான் உண்மையான இடர் தோன்றுகின்றது. பின்சில்லுக்கு உருள்வது ஒன்றே தொழில். முன்சில்லோ உருளவும் வேண்டும். சுக்கானுக்கு அடங்கித் திரும்பவும் வேண்டும். திரும்பி நிற்கும் சில்லுக்கு நேராக வரும் தண்டிலிருந்து வலுவைக் கொடுப்பதெப்படி? 17ஆம் நூற்றாண்டின் அறிஞர் ரொபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் மூட்டு, வளைந்த நிலையிலும் சுழலும். ஆனால் சீராகச் சுழலாது. 30 பாகை வளைந்திருக்கும்போது, ஒரு பக்கத்தில் நிமிடத்துக்கு 100 சுற்று வேகம் சீராக இருப்பினும், மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறக்குறைய 87க்கு இறங்கி 115க்கு ஏறும். இத்துடிப்பைச் சாரதியின் கைகள் சுக்கானில் உணரும். அல்பிரட் செப்பா என்னும் பொறியியலாளர் 1926இல் உருவாக்கிய மூட்டு இக்குறையைத் தீர்த்தது. அதனுள்ளே ஆறு உருக்குக் குண்டுகள் எப்போதும் இரு தண்டுகளின் கோணத்துக்கும் நடுவான தளத்தில் நின்று, வேகத்தை மாறாமற் கடத்துகின்றன. கையளவான அந்த மூட்டு இல்லையேல் முன்சில்லு தன் இரு தொழிலையும் அமைதியாகச் செய்தல் அரிது.

மற்றொரு நுட்பமும் உண்டு. முன்னச்சின் பல் விகிதமும் பின்னச்சின் பல் விகிதமும் ஒத்திருத்தல் வேண்டும். பின்னச்சு 3.90, முன்னச்சு 4.11 என்று வைத்துக்கொள்வோம். தண்டுகள் 390 முறை சுழலும்போது பின்சில்லு 100 முறை சுழலும். முன்சில்லோ சுமார் 95 முறையே சுழலும். ஒரே வண்டியின் சில்லுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றிலாயின் சில்லுகள் வழுக்கி அப்பகை தணியும். தார் வீதியில் வழுக்க இடமின்மையால், அச்சும் பற்சில்லும் முறுகித் தேயும். விகிதம் ஒத்திருப்பினும், வளைவிலே முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட பாதையிற் செல்வதால், காய்ந்த தார் வீதியில் இத்தகைய வண்டியின் முன்சில்லுகளுக்கு ஓய்வு கொடுப்பதே முறை.

இப்போது ஒரு கேள்வி எழலாம்: பழைய பிக்கப்பை ஓர் இளைஞர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே இவ்வாறு மாற்றலாமா? நாப்கோவின் காலத்துப் பிக்கப்பில் முன்பக்கத் தகட்டு வில்லுகள் ஏற்கெனவே இருந்தன. பிற்காலத்துப் பிக்கப்புகள் பலவற்றிலோ ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனிக் கைகளில் தொங்குகின்றது. அவற்றில் திட அச்சைப் பூட்ட, அக்கைகளை அறுத்தகற்றி, வில்லைத் தாங்கும் பிடிகளை அடிச்சட்டத்தில் ஒட்டவைக்க வேண்டும். அந்த ஒட்டுகளே ஓடும் வண்டியின் முன்பக்கப் பாரத்தைத் தாங்குகின்றன.

வண்டி உயரும்போது பழைய பிறேக் குழாய்கள் நீளம் போதாமல் இழுபட்டு அறக்கூடும். சுக்கானிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டின் கோணம் பிசகினால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் சாரதி கேளாமலே வண்டி ஒருபுறம் திரும்பும். அச்சைத் தவறான சரிவிற் பூட்டினாலோ, வளைவு முடிந்தபின் சில்லுகள் தாமாக நேர்நிலைக்கு வாரா. இவை சேற்றிலே புலப்படும் குற்றங்கள் அல்ல. பெருவீதியில் வேகமாகச் செல்லும்போது, உயிரை விலையாகக் கேட்கும் குற்றங்கள். ஆதலின் இதனைக் கைதேர்ந்த மெக்கானிக்கின் மேற்பார்வையிற் செய்து, உரிய அதிகாரிகளின் பரிசோதனைக்கு உட்படுத்திய பின்னரே வீதிக்குக் கொண்டுவருதல் அறிவுடைமை.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி புறப்படுவதிலே வல்லது. நிற்பதிலே அதற்குத் தனிவல்லமை யாதுமில்லை. பனியிலும் ஈரத்திலும் மற்ற வண்டிகள் திணறும்போது இது துணிந்து செல்லும். ஆனால் நிறுத்தும்போது நான்கு சில்லிலும் பிறேக் பிடிப்பது எல்லா வண்டிகளுக்கும் பொது. உயர்ந்து பாரமேறிய வண்டிக்கோ நிற்பதும் வளைவதும் முன்னையிலும் கடினமே. முன்சில்லுக்கு இரண்டாம் தொழிலைக் கற்பிக்க விரும்புவோர், அதன் முதல் தொழிலாகிய நேராகச் செல்லுதலையும் சொன்னபடி திரும்புதலையும் கெடுத்துவிடலாகாது. சேற்றிலிருந்து மீட்ட வண்டி நம்மை வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தல் வேண்டுமன்றோ?